பெயர் மாறிய கோப்பை அடையாளம் காண்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் பழைய மென்பொருள்களைப் பராமரிப்பது பற்றிய ஒரு பதிலுக்கு நடுவே, ஒரு கோப்பின் ஹாஷ் மதிப்பைக் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணைக்) கொண்டே அது எந்த லைப்ரரியின் (பல மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பின்) எந்தப் பதிப்பு என்று கண்டுபிடித்துவிடலாம் என இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரி ராமநாதபுரம் கடற்கரையில் இத்தனை பேரைக் கடிதம் எழுத வைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே பொருளைச் சுற்றி வந்த கடிதங்கள் என்பதால், இம்முறை மற்றக் கேள்விகளை ஒத்திவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

மண்டபத்தில் நண்டு பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். படகுகளிலிருந்து வரும் சரக்கின் எடை, தரம், முன்பணக் கழிவு எல்லாவற்றையும் பதிவு செய்யும் மென்பொருளை எழுதிக் கொடுத்தவரை இப்போது தொடர்புகொள்ள முடியவில்லை. அதன் ஃபோல்டரில் ஏராளமான ஜார் கோப்புகள் (ஜாவா நிரல்களை அடைத்து வைக்கும் கோப்புகள்) இருக்கின்றன. பலவற்றுக்கு ‘புதுசு’, ‘பழசு’, ‘கடைசி’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார். எந்தெந்த லைப்ரரிகள் எந்தெந்தப் பதிப்பில் உள்ளன என்று தணிக்கையாளர் பட்டியல் கேட்கிறார். எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகர், மண்டபம்

படகின் அணியத்தில் எழுதியிருக்கும் பெயரை அழித்துவிட்டு வேறு பெயர் எழுத ஒரு டப்பா பெயின்ட் போதும். கோப்பின் பெயருக்கும் அவ்வளவுதான் மதிப்பு. கோப்பின் தேதியும் நகலெடுக்கும்போதெல்லாம் மாறக்கூடியதே. ஹாஷ் கணக்கீடு இவை இரண்டையும் பார்ப்பதில்லை. கோப்பின் உள்ளே இருக்கும் பைட்டுகளை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்டு வரை ஒரு குறிப்பிட்ட கணிதச் செயல்முறையில் செலுத்தி, எப்போதும் ஒரே நீளமுள்ள ஓர் எண்ணைத் தருகிறது. ஷா-256 முறையில் அந்த எண் 256 பிட்டுகள் கொண்டது. பதினாறடிமான முறையில் எழுதினால் 64 எழுத்துகள் வரும். கோப்பு பத்துக் கிலோபைட்டாக இருந்தாலும் பத்து ஜிகாபைட்டாக இருந்தாலும் விடை 64 எழுத்துதான். உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் விடையில் ஏறத்தாழப் பாதி பிட்டுகள் மாறிவிடும். சாத்தியமான விடைகளின் எண்ணிக்கை 78 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் என்பதால், இருவேறு கோப்புகள் தற்செயலாக ஒரே விடையைத் தருவது பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

முதல் வேலையாக, அந்த ஃபோல்டர் முழுவதையும் வேறொரு வட்டுக்கு நகலெடுத்துக்கொண்டு, நகலின் மேல் மட்டும் வேலை செய்யுங்கள். விண்டோஸ் கணினியில் பவர்ஷெல்லைத் திறந்து ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ என்ற கட்டளையைக் கொடுத்தால், ஃபோல்டரில் உள்ள அத்தனை கோப்புகளுக்கும் ஒரே ஓட்டத்தில் ஹாஷ் எடுத்துவிடலாம். வேறு முறை எதையும் சொல்லாவிட்டால் அது ஷா-256 எடுக்கும். உங்கள் தேவைக்கு அதோடு ஷா-1 என்ற பழைய முறையின் மதிப்பையும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் அடுத்த பத்தியில் தெரியும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ‘ஷா256சம்’, ‘ஷா1சம்’ என்ற கட்டளைகள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன.

ஜாவாவில் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியாகும் லைப்ரரிகளில் மிகப் பெரும்பகுதி ‘மேவன் சென்ட்ரல்’ என்ற பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கப்படுகிறது. அங்கே ஒவ்வொரு ஜார் கோப்புக்கும் அருகிலேயே அதன் ஷா-1, எம்டி5 (இன்னொரு பழைய ஹாஷ் முறை) மதிப்புகள் சிறு கோப்புகளாக வைக்கப்பட்டிருக்கும். அந்தக் களஞ்சியத்தின் தேடல் சேவை ஷா-1 மதிப்பைக் கொடுத்துத் தேடவும் இடம் தருகிறது. பொருந்தினால் மூன்று விவரங்கள் கிடைக்கும்: வெளியிட்ட குழு, லைப்ரரியின் பெயர், பதிப்பு எண். கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடப் பொறுமை இல்லையென்றால், மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் ‘டிபென்டென்சி-செக்’ என்ற இலவசக் கருவி இந்தத் தேடலைத் தானே செய்து, தெரிந்த பாதுகாப்புக் குறைகளையும் சேர்த்து அறிக்கை தரும்.

தணிக்கையாளர் பதிப்பு எண்ணை வற்புறுத்துவதில் நியாயம் இருக்கிறது. ‘அப்பாச்சி காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ்’ என்ற லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 3.2.1 பதிப்பை உள்ளே வைத்திருக்கும் சில மென்பொருள்களில், வெளியிலிருந்து அனுப்பிய தரவைக் கொண்டே சர்வரில் கட்டளை ஓட்டிவிடலாம் என்பது 2015-இல் பரவலாகத் தெரியவந்தது. அதே ஆண்டில் 3.2.2 வெளியாகி அந்த வழியை அடைத்தது. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றேதான். உங்கள் ஃபோல்டரில் ‘பழசு’ என்ற பெயரில் இருப்பது 3.2.2 ஆகவும் ‘புதுசு’ என்ற பெயரில் இருப்பது 3.2.1 ஆகவும் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

எல்லாக் கோப்பும் பொருந்திவிடாது. எடை இயந்திரத்தோடு விற்பனையாளர் கொடுத்த ஜார், பில் அச்சிடும் பிரின்டருக்காகத் தனியாக வாங்கியது, உங்களுக்கு எழுதிக் கொடுத்தவரே தொகுத்த நிரல் ஆகியவை எந்தப் பொதுக் களஞ்சியத்திலும் இருக்காது. ஜார் என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான் என்பதால், நகலை விரித்து உள்ளே இருக்கும் ‘மெட்டா-இன்ஃப்’ ஃபோல்டரைப் பாருங்கள். ‘மேனிஃபெஸ்ட்’ கோப்பிலோ ‘பாம் ப்ராபர்ட்டீஸ்’ கோப்பிலோ பெயரும் பதிப்பும் எழுதப்பட்டிருக்க வாய்ப்புண்டு. ஆனால் அது கோப்பு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. அதை யாரும் எந்த எடிட்டரிலும் திருத்தலாம். ஆகவே பட்டியலில் ‘எப்படித் தெரிந்தது’ என்று ஒரு தனி நெடுவரிசையை வைத்து, ‘ஹாஷ் பொருந்தியது’, ‘உள்ளே எழுதியிருப்பதன்படி’, ‘விற்பனையாளர் சொன்னது’, ‘தெரியவில்லை’ என்று வேறுபடுத்தி எழுதுங்கள். என் கருத்தில் அந்தப் பட்டியலிலேயே அதிகம் பயன்படப்போகும் நெடுவரிசை அதுதான். இதைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே உறுதியோடு எழுதிக் கொடுக்கும் பட்டியல்களை நான் நம்புவதில்லை.

அடையாளம் தெரியாத கோப்புகளுக்கும் ஷா-256 மதிப்பைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அது இன்னதென்று இன்று தெரியாவிட்டாலும், நாளை யாராவது மாற்றினால் மாறியது தெரியும். பழைய பதிப்புகளை மாற்ற வேண்டியிருந்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது செய்யுங்கள். சரக்கு வந்து எடைத்தராசு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் செய்யும் வேலை இல்லை இது.

2021 டிசம்பரில் லாக்4ஜே பிரச்சினை வந்தபோது வளைகுடாவில் ஒரு நிறுவனத்தில் சர்வர் பராமரிப்பில் இருந்தேன். பாதிக்கப்பட்ட பதிப்புகளின் ஹாஷ் பட்டியலை வைத்து எல்லா சர்வர்களையும் சல்லடை போட்டோம். ஒன்றும் அகப்படவில்லை என்று அறிக்கையும் கொடுத்தோம். பிறகு இரண்டு சர்வர்களில் அது இருந்தது தெரியவந்தது. பட்டியல் தவறா, நாங்கள் தேடிய முறை தவறா?
— ஊர் திரும்பிய ஒருவர், கீழக்கரை

பட்டியலில் தவறு இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கிடைக்காத விடைக்கு நீங்கள் கொடுத்த பொருள்தான் தவறு. ஹாஷ் பொருந்தினால் ‘இது அதுவேதான்’ என்று உறுதியாகச் சொல்லலாம். பொருந்தாவிட்டால் ‘இந்தப் பட்டியலில் உள்ள எந்தக் கோப்போடும் இது பைட்டுக்குப் பைட் ஒத்துப்போகவில்லை’ என்று மட்டுமே சொல்லலாம். ‘இங்கே லாக்4ஜே இல்லை’ என்ற முடிவுக்கும் அந்த வாக்கியத்துக்கும் இடையே நிறைய தூரம் இருக்கிறது.

மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாக: லாக்4ஜே என்பது ஜாவா நிரல்கள் தங்கள் செயல்பாட்டைப் பதிவேட்டில் எழுதப் பயன்படுத்தும் லைப்ரரி. பதிவேட்டில் எழுதப்படும் வரியில் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் முகவரி ஒன்று வந்தால், அந்த முகவரிக்குச் சென்று அங்கிருக்கும் நிரலைக் கொண்டுவந்து ஓட்டிவிடும் ஓட்டை 2.14.1 வரையிலான இரண்டாம் வரிசைப் பதிப்புகளில் இருந்தது. 2.15.0 அவசரமாக வெளியானது. அது போதாமல் 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அந்த ஒரே மாதத்துக்குள் அடுத்தடுத்து வெளியிட வேண்டியதாயிற்று.

இப்போது உங்கள் இரண்டு சர்வர்களுக்கு வருவோம். ஜாவா நிரலைப் பயனருக்கு அனுப்பும்போது, அது சார்ந்திருக்கும் லைப்ரரிகள் அனைத்தையும் ஒரே பெரிய ஜாருக்குள் அடைத்து அனுப்புவது வழக்கம். அப்போது லாக்4ஜே கோப்பு வட்டில் தனியாக இருக்காது. ஒரு ஜாருக்குள் இன்னொரு ஜாராக, சில வேளை அதற்கும் உள்ளே மூன்றாவது அடுக்கில் இருக்கும். வட்டில் வெளியே தெரியும் கோப்புகளுக்கு மட்டும் ஹாஷ் எடுத்தால், வெளிப் பெட்டியின் ஹாஷ்தான் கிடைக்கும். ஒவ்வொரு பெட்டியையும் விரித்து, உள்ளிருக்கும் பெட்டியையும் விரித்து, கடைசி அடுக்கு வரை ஹாஷ் எடுத்திருக்க வேண்டும்.

சில தொகுப்புக் கருவிகள் இன்னும் ஒரு படி போய், லைப்ரரியின் ஜாரையே கலைத்து, அதன் கிளாஸ் கோப்புகளை (ஜாருக்குள் இருக்கும் தொகுத்த நிரல் துண்டுகளை) தங்கள் நிரலின் கிளாஸ் கோப்புகளோடு கலந்து வைத்துவிடும். அப்போது தேட வேண்டியது ஜாரின் ஹாஷ் அல்ல, குறிப்பிட்ட கிளாஸ் கோப்பின் ஹாஷ். இந்த விவகாரத்தில் அது ‘ஜேஎன்டிஐ லுக்அப்’ என்ற கிளாஸ். வேறு லைப்ரரியோடு மோதாமலிருக்கப் பொதியின் பெயரையே மாற்றி அடைப்பதும் உண்டு. பெயர் கிளாஸ் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால், அந்த மாற்றத்தோடு கிளாஸின் ஹாஷும் மாறிவிடும். அந்தக் கட்டத்தில் ஹாஷ் கைவிட்டுவிடுகிறது. கோப்புக்குள் இருக்கும் சொற்களையும் செயல்கூறுகளின் பெயர்களையும் தேடுவதுதான் வழி.

எதிர்த்திசையிலும் ஒரு விசித்திரம் நடந்தது. உடனடியாகப் பதிப்பை மாற்ற முடியாதவர்களுக்கு, அந்த ஒரு கிளாஸை மட்டும் ஜாரிலிருந்து நீக்கிவிடும்படி தற்காலிகத் தீர்வு சொல்லப்பட்டது. அப்படி நீக்கிய ஜாரின் ஹாஷ் எந்தப் பட்டியலிலும் இருக்காது. பாதிக்கப்பட்ட பட்டியலிலும் இராது, திருத்திய பட்டியலிலும் இராது. பிற்பாடு வந்த தணிக்கையாளர்களுக்கு இத்தகைய கோப்புகள் பெரிய தலைவலியாக இருந்திருக்கும். நீங்கள் கை வைத்துத் திருத்தும் எந்தக் கோப்புக்கும், திருத்தும் முன்பும் பின்பும் எடுத்த ஹாஷ்களை ஒரு தாளில் எழுதி வைத்துவிட வேண்டும்.

பாம்பனிலிருந்து சுற்றுலாப் பயணிகளுக்குப் படகு முன்பதிவு செய்யும் இணையதளத்தை நடத்துகிறோம். அதில் உள்ள ஜேக்வெரி கோப்பின் தலைப்பில் 3.4.1 என்று எழுதியிருக்கிறது. அதிகாரபூர்வமான 3.4.1 கோப்பின் ஹாஷோடு ஒப்பிட்டால் பொருந்தவில்லை. யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்களா?
— ஒரு வாசகி, பாம்பன்

கை வைத்திருக்கலாம், ஆனால் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் திருடன் அல்ல, வரிமுறிவு.

ஜேக்வெரி என்பது இணையப் பக்கங்களுக்கான ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி; ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. லினக்ஸ் உலகில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு பைட் நிற்கும். விண்டோஸ் உலகில் இரண்டு பைட்டுகள் நிற்கும். கோப்பை எஃப்டிபி மூலம் ‘எழுத்து’ முறையில் ஏற்றினாலோ, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவி விண்டோஸில் தானாக மாற்றிக்கொண்டாலோ, ஒவ்வொரு வரிக்கும் ஒரு பைட் கூடிவிடும். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது; ஹாஷ் மட்டும் அடியோடு மாறியிருக்கும். இதைச் சோதிப்பது எளிது. இரு கோப்புகளின் அளவையும் பைட் கணக்கில் பாருங்கள். சுருக்காத ஜேக்வெரி 3.4.1 பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் கொண்டது. இரண்டு அளவுகளின் வித்தியாசம் வரிகளின் எண்ணிக்கைக்குச் சரியாகச் சமமாக இருந்தால் காரணம் பெரும்பாலும் வரிமுறிவுதான். சுருக்கப்பட்ட கோப்பாக இருந்தால் மொத்த வரிகளே மிகச் சில என்பதால் வித்தியாசமும் ஓரிரு பைட்டுகளில் நின்றுவிடும். சரியாக மூன்று பைட்டுகள் கூடியிருந்தால், பழைய நோட்பேடில் யாரோ திறந்து யூடிஎஃப்-8 முறையில் சேமித்திருக்கிறார்கள். அது கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளம் ஒன்றை ஒட்டிவிடும்.

காரணத்தை ஊகித்ததோடு நிறுத்திவிடக் கூடாது. நகலெடுத்த கோப்பில் வரிமுறிவுகளை மறுபடி ஒற்றைப் பைட்டாக மாற்றி, தலையில் ஒட்டியிருப்பதை நீக்கி, மீண்டும் ஹாஷ் எடுங்கள். இப்போது அதிகாரபூர்வ மதிப்போடு பொருந்தினால், அந்த மாற்றங்களைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை என்பது உறுதி. அப்போதும் பொருந்தாவிட்டால், இரு கோப்புகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு வேறுபடும் வரியைக் காட்டும் ‘டிஃப்’ வகைக் கருவியில் போட்டுப் பாருங்கள். கடைசியில் ஒரு குறிப்பு வரியை யாரோ நீக்கியிருந்தால் அது சாதாரணம். புரியாத எழுத்துக்குவியல் ஒன்று கோப்பின் அடியில் புதிதாக இருந்தால், பயணிகள் அட்டை எண்ணைத் தட்டச்சும் அந்தப் பக்கத்தை உடனே நிறுத்திவைத்து, விவரம் தெரிந்த ஒருவரை அழையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹாஷ் பொருந்தினாலும் 3.4.1-ஐ வைத்திருக்கக் கூடாது. வெளியிலிருந்து வரும் ஹெச்டிஎம்எல் துண்டைப் பக்கத்தில் சேர்க்கும்போது அதனுள் ஒளிந்திருக்கும் நிரல் ஓடிவிடும் குறை ஒன்று 2020 ஏப்ரலில் வெளியான 3.5.0 பதிப்பில்தான் சரிசெய்யப்பட்டது. ‘ரிடயர் ஜேஎஸ்’ என்ற இலவசக் கருவி இத்தகைய பழைய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளைக் கண்டுபிடித்துச் சொல்லும். அது ஹாஷை மட்டும் நம்பாமல் கோப்பின் பெயரையும் உள்ளே இருக்கும் எழுத்து அமைப்பையும் சேர்த்துப் பார்ப்பதால், உங்களுடையதைப் போன்ற வரிமுறிவு விவகாரங்களிலும் உதவும்.

எங்கள் பாலிடெக்னிக்கில் எம்டி5 உடைந்துவிட்டது, ஷா-1-உம் உடைந்துவிட்டது என்று சொல்லித் தருகிறார்கள். ஆனால் லைப்ரரிகளை அடையாளம் காணும் இடங்களில் எல்லாம் அவற்றையே பயன்படுத்துகிறார்கள். உடைந்ததை வைத்து எப்படி அடையாளம் காண்பது?
— ஒரு மாணவர், தொண்டி

‘உடைந்தது’ என்பதற்குள் இரண்டு வெவ்வேறு செய்திகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

ஒரே ஹாஷ் தரும் இரண்டு கோப்புகளை, இரண்டையும் தானே வடிவமைத்து, ஒருவர் உருவாக்குவது ஒரு வேலை. ஏற்கெனவே வெளியாகிவிட்ட, தன் கையில் இல்லாத ஒரு கோப்பின் ஹாஷுக்குப் பொருந்தும்படி வேறொரு கோப்பை உருவாக்குவது இன்னொரு வேலை. முதல் வேலை எம்டி5-இல் 2004-இல் சீன ஆய்வாளர் வாங் சியாயுனும் அவர் குழுவினரும் செய்து காட்டியது. இன்று சாதாரண மடிக்கணினியிலேயே செய்யலாம். ஷா-1-இல் அதையே 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் இரண்டு பிடிஎஃப் கோப்புகளைக் கொண்டு செய்து காட்டின. அதற்கு ஒற்றை மையச் செயலி என்றால் 6,500 ஆண்டுகளும், அதற்கு மேல் ஒற்றை வரைகலைச் செயலி என்றால் 110 ஆண்டுகளும் பிடிக்கும் அளவுக்குக் கணக்கீடு தேவைப்பட்டது என்று அவர்களே அறிவித்தார்கள். இரண்டாவது வேலையை எம்டி5-இல்கூட நடைமுறையில் இதுவரை யாரும் செய்து காட்டவில்லை.

ஆகவே 2010-இல் நேர்மையாக வெளியான ஒரு லைப்ரரியின் எம்டி5 பட்டியலில் இருந்து, உங்கள் வட்டில் உள்ள கோப்பு அதனோடு பொருந்தினால், அது அந்த லைப்ரரிதான் என்று கொள்வதில் பெரிய ஆபத்து இல்லை. பழைய பட்டியல்கள் இன்னும் பயன்படுவது இந்த நியாயத்தில்தான். கோப்பை உருவாக்கியவரையே சந்தேகிக்க வேண்டிய இடத்தில் கதை வேறு. ஒருவர் நல்ல கோப்பு ஒன்றும் கெட்ட கோப்பு ஒன்றுமாக இரட்டையரைத் தயாரித்து, நல்லதைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டுக் கெட்டதை அனுப்பலாம். 2012-இல் கண்டுபிடிக்கப்பட்ட ‘ஃபிளேம்’ என்ற உளவு நிரல் கிட்டத்தட்ட இந்த வழியில்தான், எம்டி5-இன் பலவீனத்தைக் கொண்டு, மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்டது போலவே தோன்றும் சான்றிதழ் ஒன்றை உருவாக்கிக்கொண்டது. புதிதாக எழுதும் எந்தப் பட்டியலிலும் ஷா-256 எழுதுங்கள். பழைய பட்டியலில் தேடுவதற்கு மட்டும் பழைய முறைகளை வைத்துக்கொள்ளுங்கள். ஷா-1-ஐ 2030 டிசம்பர் 31-க்குள் முற்றிலும் கைவிடும்படி அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்டே சொல்லிவிட்டது.

சாட்சியச் சட்டச் சான்றிதழில் எம்டி5-க்கும் கட்டம் இருக்கிறதே?
— வழக்கறிஞர் அலுவலக உதவியாளர், ராமநாதபுரம்

இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுக்கான சான்றிதழ்ப் படிவத்தில் மின்னணுப் பதிவின் ஹாஷ் மதிப்பை எழுத வேண்டும். முறைகளாக ஷா-1, ஷா-256, எம்டி5 ஆகியவற்றோடு ‘மற்றவை’ என்றும் இடம் விட்டிருக்கிறார்கள். சட்டம் தேர்வை உங்களிடம் விடுகிறது. மேலே சொன்ன இரட்டையர் கதையை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுப்ப இடம் கொடுக்காமல் ஷா-256 கட்டத்தையே நிரப்புங்கள்.

ஹாஷ் பட்டியலில் ‘அறியப்பட்ட கோப்பு’ என்று வந்துவிட்டால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாமா?
— ஒரு வாசகர், ராமேசுவரம்

கூடாது. இந்த வகைப் பட்டியல்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று, நான் மேலே குறிப்பிட்ட நிஸ்ட் நிறுவனத்தின் தேசிய மென்பொருள் மேற்கோள் நூலகம். கடைகளில் விற்கும் மென்பொருள்களையும் இலவசமாகக் கிடைப்பவற்றையும் சேகரித்து, அவற்றில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் எடுத்து, ஆண்டுக்கு நான்கு முறை வெளியிடுகிறார்கள். கைப்பற்றிய கணினியில் இருக்கும் லட்சக்கணக்கான கோப்புகளில், விண்டோஸோடு வந்தவற்றையும் ஆஃபீஸோடு வந்தவற்றையும் ஒரே அடியில் ஒதுக்கிவிட்டு மீதியை மட்டும் தடயவியல் நிபுணர் பார்ப்பதற்காக ஏற்பட்ட பட்டியல் அது. அதில் கடவுச்சொல் உடைக்கும் கருவிகளும் ஊடுருவல் கருவிகளும்கூட இடம்பெற்றிருக்கின்றன. அவையும் வெளியான மென்பொருள்கள்தானே. ‘தெரிந்த கோப்பு’ என்பதுதான் அந்தப் பட்டியலின் வாக்குறுதி. ‘நல்ல கோப்பு’ என்று அது எங்கும் சொல்வதில்லை.

வெளியிட்டவரிடமே கோளாறு இருந்தால் ஹாஷ் என்ன செய்யும் என்பதற்கு 2024 மார்ச் மாத விவகாரம் ஒன்று போதும். லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் ‘எக்ஸ்இசட்’ என்ற சுருக்க லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், நீண்ட காலம் நம்பிக்கை தேடிப் பராமரிப்பாளராகிவிட்ட ஒருவரே பின்கதவு வைத்திருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய எஸ்எஸ்ஹெச் வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக எடுத்துக்கொள்கிறதே என்று துருவிப் பார்த்த ஆண்ட்ரஸ் ஃப்ராயின்ட் என்ற பொறியாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். அந்தப் பொதியைப் பதிவிறக்கி ஹாஷ் பார்த்தவர்களுக்கு எல்லாம் மிகச் சரியாகப் பொருந்தியிருக்கும். பொருந்தாமல் எப்படிப் போகும்? வெளியிட்டதே அதைத்தானே.

ஆனால் இங்கே பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. பின்கதவைத் தொகுப்பின்போது உயிர்ப்பிக்கும் ஒரு கோப்பு, வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது; எல்லோரும் பார்க்கக்கூடிய மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. பொதிக்குள் இருந்த ஒவ்வொரு கோப்பின் ஹாஷையும் களஞ்சியத்தில் இருந்த கோப்பின் ஹாஷோடு யாராவது ஒப்பிட்டிருந்தால் அந்த ஒரு கோப்பு தனித்துத் தெரிந்திருக்கும். ஆனால் அத்தகைய பொதிகளில் கருவிகள் தாமாக உருவாக்கிச் சேர்க்கும் கோப்புகள் எப்போதும் சில இருப்பதால், பொருந்தாத கோப்பைப் பார்த்தாலும் ‘வழக்கமானதுதான்’ என்று தள்ளிவிடுவது எளிது. ஒளிப்பவர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை.

எங்கள் கூட்டுறவுச் சங்கக் கணினியில் இணையம் கிடையாது. உறுப்பினர்களின் கடன் கணக்கு இருப்பதால் எந்தக் கோப்பையும் வெளியே அனுப்பவும் விருப்பமில்லை. அப்படியும் இந்த முறையைப் பயன்படுத்தலாமா?
— ஒரு வாசகர், தேவிபட்டினம்

தாராளமாகப் பயன்படுத்தலாம். ஹாஷ் எடுப்பதற்கு இணையம் தேவையே இல்லை. தேடுவதற்குப் பட்டியல் இருந்தால் போதும். ஷா-256 மதிப்பைச் சுருக்கமாகச் சேமித்தால் 32 பைட்டுகள்தான். ஒரு கோடி கோப்புகளின் ஹாஷ்கள் ஏறத்தாழ 320 மெகாபைட்டில் அடங்கிவிடும். பென்டிரைவில் அதன் பிறகும் நிறைய இடம் மிச்சமிருக்கும். பட்டியலை வரிசைப்படுத்தி வைத்தால், ஒரு கோப்பு அதில் இருக்கிறதா என்று அறிய, பாதிப்பாதியாகப் பிரித்துத் தேடும் முறையில் அதிகபட்சம் 24 ஒப்பீடுகள் போதும். மிகப் பழைய கணினியும் கண்ணிமைக்கும் நேரத்தில் அதை முடித்துவிடும். லைப்ரரிகளின் பெயரும் பதிப்பும் சேர்ந்தால் பட்டியல் பெரிதாகும், ஆனாலும் கையடக்கமாகவே இருக்கும்.

இணையம் உள்ள இடத்தில் தேடுவதானால், கோப்புகளை அங்கேயே விட்டுவிட்டு ஹாஷ்களை மட்டும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ‘வைரஸ்டோட்டல்’ போன்ற தளங்களில் கோப்பை ஏற்றினால், அதைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனங்களும் பெற முடியும்; ஹாஷைத் தேடும் பெட்டியில் ஒட்டினால் கோப்பு உங்கள் கணினியை விட்டு நகர்வதில்லை. பொது லைப்ரரிகளைப் பொறுத்தவரை இதனால் எந்த ரகசியமும் வெளியேறாது. உறுப்பினரின் தொலைபேசி எண்ணுக்கோ ஆதார் எண்ணுக்கோ ஹாஷ் எடுத்து அனுப்பினால் பத்திரம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பத்து இலக்கத் தொலைபேசி எண்கள் மொத்தமே ஆயிரம் கோடிதான்; பன்னிரண்டு இலக்க ஆதார் எண்களும் எண்ணித் தீர்க்கக்கூடியவையே; அத்தனைக்கும் ஹாஷ் எடுத்து ஒப்பிட்டு உங்கள் எண்ணைக் கண்டுபிடிப்பது இன்றைய கணினிக்கு மிகச் சிறிய வேலை.

கிட் களஞ்சியத்தில் ஒரு கோப்புக்குக் காட்டும் 40 எழுத்து எண்ணும், அதே கோப்புக்கு நான் எடுத்த ஷா-1-உம் பொருந்தவில்லை. வரிமுறிவையும் சரிபார்த்துவிட்டேன்.
— மேற்படி தொண்டி மாணவரின் நண்பர்

கிட் கோப்பை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. ‘பிளாப்’ என்ற சொல், ஓர் இடைவெளி, கோப்பின் அளவு பைட் கணக்கில், அதன் பின் பூஜ்ய மதிப்புள்ள ஒரு பைட் ஆகியவற்றைக் கோப்பின் முன்னால் ஒட்டிவிட்டு அதன் பிறகே ஷா-1 எடுக்கிறது. ‘கிட் ஹாஷ்-ஆப்ஜெக்ட்’ என்ற கட்டளையைக் கோப்பின் பெயரோடு கொடுத்துப் பாருங்கள்; களஞ்சியம் காட்டும் அதே எண் வரும்.